கார் தரைக்கு எத்தனை எம்.எம். தகடு?

டிங்கரிங் பட்டறையில் காரின் ரப்பர் மேட்டைத் தூக்கிப் பார்த்து, ஓட்டை வழியாகக் கீழே நிலம் தெரிவதைக் கண்டதும் வண்டிக்காரர்கள் பெரும்பாலும் சொல்வது இதுதான்: "நல்ல கனமான தகடாப் போட்டுடுங்கண்ணே, திரும்ப இதே வேலைக்கு வரக் கூடாது." பட்டறைக்காரரும், "ரெண்டு எம்.எம். போட்டுடலாம் சார், உங்க ஆயுசுக்கும் அசையாது" என்பார். இருவரும் நல்ல எண்ணத்தோடுதான் பேசுகிறார்கள். ஆனால் பெரும்பாலான கார்களின் தரைக்கு இரண்டு எம்.எம். தகடு தப்பான தகடு. அது போட்ட இடத்தில் அசையாமல் இருக்கும். அதைச் சுற்றியிருக்கும் பழைய தகடு கிழியும்.

விடையை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அம்பாசிடர், பத்மினி போன்ற பழைய கார்களின் தரைக்கு 1 முதல் 1.2 எம்.எம். போதும். மாருதி 800 போன்ற சிறிய கார்களுக்கு 0.8 முதல் 1 எம்.எம். தரைக்கு அடியில் நீளவாக்கிலும் குறுக்காகவும் ஓடும் பெட்டிச் சட்டங்களுக்கு 1.2 முதல் 1.6 வரை போகலாம். இந்த எண்களை மனப்பாடம் செய்வதைவிட, இவை எங்கிருந்து வருகின்றன என்று தெரிந்துகொள்வது நல்லது. வண்டியில் மிச்சமிருக்கும் நல்ல தகட்டை அளக்க வேண்டும். அதே கனத்தில், அல்லது அதற்கு ஒரு படி மேலே தகடு வாங்க வேண்டும். அதற்கு மேல் போகக் கூடாது.

ஏன் அதற்கு மேல் போகக் கூடாது என்பது புரிய, தரை என்ன வேலை செய்கிறது என்று பார்க்க வேண்டும்.

ஜீப்பில் அடியில் தனியாக ஒரு சேசிஸ் இருக்கிறது. இன்ஜின், அச்சு, ஸ்பிரிங் எல்லாம் அதில்தான் தொங்குகின்றன. பாடி அதன்மேல் போல்ட் போட்டு உட்கார வைத்த ஒன்று. ஜீப்பின் தரை ஓட்டையானால் கால் ஈரமாகும், சீட் ஆடும். வண்டியின் முதுகெலும்புக்கு ஒன்றும் ஆகாது. அங்கே கொஞ்சம் கனமாகப் போட்டாலும் எடை கூடுவதைத் தவிரப் பெரிய கெடுதல் இல்லை.

கார்கள் அப்படி இல்லை. மாரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு மூன்றாம் வரிசையிலிருந்து பிறந்து, உத்தர்பாராவில் 2014 வரை தயாரான அம்பாசிடரும், ஃபியட் 1100 டிலைட்டிலிருந்து வந்த பத்மினியும், 1983 கடைசியில் வந்த மாருதி 800உம் தனிச் சேசிஸ் இல்லாதவை. பாடிதான் அங்கே சேசிஸ். கதவுக்குக் கீழே ஓடும் பெட்டிப் பகுதி (நம் பட்டறைகளில் இதை ரன்னிங் போர்டு என்றே சொல்கிறார்கள்), நடுவில் மேடாக ஓடும் டனல், சீட்டுக்குக் கீழே குறுக்குச் சட்டங்கள் ஆகிய மூன்றையும் ஒன்றாகக் கட்டிப் போடுவது இந்த மெல்லிய தரைத் தகடுதான். ஒரு சக்கரம் பள்ளத்தில் இறங்கும்போது பாடி முறுக்கிக்கொள்ளப் பார்க்கிறது. அந்த முறுக்கலைத் தன் தளத்திலேயே இழுத்துப் பிடித்துத் தடுப்பது தரையின் வேலை. இதற்குத் தகடு கனமாக இருக்க வேண்டிய அவசியம் இல்லை. நான்கு விளிம்புகளும் இடைவெளியின்றிப் பிடிமானமாக இருக்க வேண்டும், அவ்வளவுதான். உங்கள் காரில் இந்தக் கட்டு தளர்ந்துவிட்டதா என்று பார்க்க எளிய வழி ஒன்று உண்டு. ஒரு பக்கம் மட்டும் ஜாக்கி போட்டுத் தூக்கிவிட்டு, அந்தப் பக்கக் கதவைத் திறந்து மூடிப் பாருங்கள். கதவு பிடித்தாலோ, மூடும்போது இடைவெளி மேலும் கீழும் மாறியிருந்தாலோ, பிரச்சினை மேட்டுக்கு அடியில் தெரியும் ஓட்டையைவிடப் பெரியது.

அளப்பது எப்படி

துருப்பிடித்த தகட்டை அளந்து பயனில்லை. துரு ஊறிப் பருத்திருக்கும். சில இடத்தில் இரண்டு எம்.எம். என்று காட்டும், விரலால் அழுத்தினால் உதிரும். அதன்மேல் பெயின்ட், அடியில் தார்ப் பூச்சு, சில கார்களில் சத்தத்தை அடக்க ஒட்டிய பிற்றுமின் அட்டை வேறு. ஆகவே நல்ல தகடு எங்கே ஒற்றை அடுக்காக இருக்கிறது என்று தேட வேண்டும்.

நான் சொல்லும் இடம், தரையில் இருக்கும் தண்ணீர் வடி ஓட்டை. கம்பெனியில் பெயின்ட் தொட்டியில் முக்கி எடுக்கும்போது வடிவதற்காக விட்ட வட்ட ஓட்டைகள் அவை. ரப்பர் மூடி போட்டு அடைத்திருப்பார்கள். அந்த மூடியைக் கிளப்புங்கள். விளிம்பில் ஒரு நகத்தளவு இடத்தில் மேலும் கீழும் பெயின்ட்டையும் தாரையும் கரைப்பானால் துடைத்து, எமரி தாளால் தேய்த்து, தகடு பளிச்சென்று தெரியும்வரை கொண்டுவாருங்கள். வெர்னியரின் தாடை அந்த ஓட்டைக்குள் நுழையும். ஓட்டையின் விளிம்பு கீழ்நோக்கி மடிந்திருந்தால் மடிப்பைத் தாண்டிப் பிடிக்க வேண்டும். இல்லையென்றால் மடிப்பையும் சேர்த்து அளந்துவிடுவீர்கள். மூன்று நான்கு ஓட்டைகளில் அளந்து, அவற்றில் வரும் பெரிய அளவை எடுத்துக்கொள்ளுங்கள். துரு தின்றது போக மிச்சம்தான் இப்போது உங்கள் கையில் இருக்கிறது. பெரிய அளவுதான் முதலில் இருந்ததற்கு நெருக்கமானது. சீட் போல்ட் ஓட்டையில் மட்டும் அளக்காதீர்கள். அங்கே அடியில் இன்னொரு பட்டைத் தகடு சேர்த்து ஒட்டியிருக்கும், கணக்கு இரட்டிப்பாகக் காட்டும்.

பழைய கார்களில் இப்படி அளந்தால் பெரும்பாலும் 0.9க்கும் 1.2க்கும் நடுவில் வரும். சிறிய கார்களில் 0.7, 0.8 என்று வரும். "இவ்வளவு மெல்லிசா!" என்று திகைக்க வேண்டாம். அந்தத் தகடு அப்படியே தட்டையாக இல்லை. அதில் வரி வரியாக மேடு பள்ளம் அழுத்தியிருக்கிறார்கள். அந்த வரிகள்தான் அதற்கு விறைப்பைக் கொடுக்கின்றன. இதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன், ஏனென்றால் ஒரு படி கனம் கூட்டுவதற்கான நியாயமான காரணமே அங்கேதான் இருக்கிறது.

கேஜ் என்னும் குழப்பம்

கடையில் போய் "18 கேஜ் தகடு கொடுங்க" என்று கேட்பது நம் வழக்கம். கேஜ் எண் கூடினால் கனம் குறையும் என்பது பலருக்குத் தெரியும். ஆனால் ஒரே எண்ணுக்கு ஊருக்கு ஊர், உலோகத்துக்கு உலோகம் வேறு கனம் என்பது பலருக்குத் தெரியாது. நம் நாட்டில் வழக்கத்தில் இருக்கும் பிரிட்டிஷ் கேஜ் கணக்கில் 16 கேஜ் 1.63 எம்.எம்., 18 கேஜ் 1.22, 20 கேஜ் 0.91, 22 கேஜ் 0.71. அமெரிக்கக் கணக்கில் 16 கேஜ் இரும்புத் தகடு 1.52 எம்.எம்.தான். அதே அமெரிக்கக் கணக்கில் துத்தநாகம் பூசிய 18 கேஜ் என்றால் 1.31. அலுமினியத்தில் 18 கேஜ் என்றால் 1.02. வெளிநாட்டு வீடியோவைப் பார்த்துவிட்டு கேஜ் எண்ணை மட்டும் எழுதிக்கொண்டு கடைக்குப் போகிறவர்கள் இங்கேதான் தடுமாறுகிறார்கள். எம்.எம்.மில் கேளுங்கள், எம்.எம்.மில் அளந்து வாங்குங்கள்.

கடையில் வெர்னியர் இல்லாவிட்டாலும் தராசு இருக்கும், ஏனென்றால் தகடு கிலோக் கணக்கில்தான் விற்கிறது. அந்தத் தராசே உங்களுக்குக் கனத்தைச் சொல்லிவிடும். ஒரு சதுர மீட்டர் இரும்புத் தகடு ஒரு எம்.எம். கனத்தில் 7.85 கிலோ. இதை அடிக்கு மாற்றினால், இரண்டடிக்கு மூன்றடி வெட்டிய துண்டு 0.9 எம்.எம்.மில் ஏறத்தாழ 3.9 கிலோ, 1 எம்.எம்.மில் 4.4 கிலோ, 1.2 எம்.எம்.மில் 5.25 கிலோ, 2 எம்.எம்.மில் 8.75 கிலோ இருக்கும். 1.2 என்று சொல்லிக் கொடுத்த துண்டு நாலரைக் கிலோதான் காட்டினால், அது 1.2 இல்லை.

கனத்தோடு இன்னொன்றையும் கேட்க வேண்டும்: சி.ஆர். தகடா, எச்.ஆர். தகடா? சி.ஆர். என்பது குளிர்நிலையில் உருட்டியது. மேற்பரப்பு வழவழப்பாக, சாம்பல் பளபளப்போடு இருக்கும். இந்தியத் தர எண் 513. எச்.ஆர். சூட்டில் உருட்டியது, மேலே நீலம் கலந்த கறுப்புச் செதில் படிந்திருக்கும். காரின் தரைக்கு சி.ஆர்.தான். கனம் சீராக இருக்கும், கையால் மடக்கினால் விரிசல் விடாது, செதில் இல்லாததால் பிரைமர் பிடிக்கும். கதவு, கேட் செய்கிற கடைகளில் கனமான எச்.ஆர். தகடு மலிவாகக் கிடைக்கிறது என்பதற்காக அதைக் காரில் வைப்பது வேண்டாத வேலை.

கனம் கூடினால் என்ன கெடும்?

நைந்த வேட்டியின் கிழிசலில் ஜீன்ஸ் துணியை ஒட்டுப்போட்டால் அடுத்த துவைப்பில் ஒட்டு அப்படியே இருக்கும், தையல் ஓரத்தில் வேட்டி கிழியும். தகட்டிலும் நடப்பது இதுதான். ஒரு தகட்டின் வளையும் விறைப்பு அதன் கனத்தின் மும்மடிப் பெருக்கமாக ஏறுகிறது. 0.9 எம்.எம். தகட்டோடு ஒப்பிட்டால் 1.2 எம்.எம். ஏறத்தாழ இரண்டரை மடங்கு விறைப்பு, 2 எம்.எம். பதினோரு மடங்கு. வண்டி ஓடும்போது தரை முழுவதும் கொஞ்சம் கொஞ்சமாக நெளிகிறது. பதினோரு மடங்கு விறைப்பான ஒட்டு நெளிய மறுக்கும். அந்த நெளிவு முழுவதும் ஒட்டின் ஓரத்தில், வெல்டிங்கை ஒட்டிய விரலகலத்தில் வந்து குவியும். வெல்டிங் சூட்டில் ஏற்கனவே பதம் மாறிய இடமும் அதுதான். லட்சக்கணக்கான முறை நெளிந்து நெளிந்து, அங்கே மயிரிழை போல ஒரு விரிசல் விடும். தண்ணீர் அதில் ஏறும். பார்ப்பவர், "வெல்டிங் விட்டுடுச்சு" என்பார். வெல்டிங் விடவில்லை, அதன் பக்கத்திலிருந்த பழைய தகடு விட்டது.

வெல்டிங் செய்யும்போதே இன்னொரு சிக்கல் தொடங்கிவிடுகிறது. இரண்டு எம்.எம். தகட்டை உருக்கத் தேவையான கரண்ட்டை வைத்தால் 0.8 எம்.எம். தகடு ஓட்டையாகும். மெல்லியதற்கு ஏற்றபடி கரண்ட்டைக் குறைத்தால் கனமான தகட்டின்மேல் வெல்டிங் சும்மா படிந்து நிற்கும், ஊடுருவாது. கை தேர்ந்தவர்கள் சூட்டைக் கனமான பக்கம் காட்டி, உருகிய குழம்பை மெல்லிய பக்கம் இழுத்துச் சமாளிப்பார்கள். ஆனால் காருக்கு அடியில் மல்லாந்து படுத்துக்கொண்டு, தீப்பொறி முகத்தில் விழும்போது மீட்டர் கணக்கில் அப்படிச் செய்ய யாராலும் முடியாது. கனம் ஒத்துப்போகும் தகட்டை வாங்கிக் கொடுப்பது வெல்டருக்கு நீங்கள் செய்யும் பெரிய உதவி.

அதனால்தான் எந்த வெல்டிங் என்பதும் கனத்தோடு சேர்ந்த கேள்வி. சாதாரண ஆர்க் வெல்டிங்கில் 2.5 எம்.எம். ராடுக்கே 60 ஆம்பியருக்கு மேல் வேண்டும். தரைத் தகட்டில் அது ஓட்டை போடும். ஓட்டை விழுவதைத் தவிர்க்கத்தான் பல பட்டறைகள் கனமான தகடு கேட்கின்றன. அதாவது, உங்கள் காருக்குத் தேவையானது என்று அவர்கள் சொல்வது பல நேரம் அவர்களுடைய மெஷினுக்குத் தேவையானது. இதை நான் குறையாகச் சொல்லவில்லை, ஆனால் தகடு வாங்கும் முன் அந்த மெஷினை ஒருமுறை பார்த்துவிடுங்கள். கேஸ் வெல்டிங் மெல்லிய தகட்டை ஒட்டும், ஆனால் சூடு கைமுழம் தூரத்துக்குப் பரவித் தகடு நெளிந்துவிடும். கம்பி தானாக வந்துகொண்டிருக்கும் சி.ஓ.டூ வெல்டிங்தான் இந்த வேலைக்குச் சரி. 0.8 எம்.எம். கம்பி, 40 முதல் 70 ஆம்பியர். ஒரே கோடாக இழுக்காமல், இங்கொரு புள்ளி, எதிர்மூலையில் ஒரு புள்ளி, பிறகு நடுவில் என்று மாற்றி மாற்றிப் புள்ளி வைத்து, கை பொறுக்கும் அளவுக்கு ஆறவிட்டு, கடைசியில் இடைவெளிகளை நிரப்ப வேண்டும். வெளிவிளிம்பு முழுக்க மூடியிருக்க வேண்டும். அங்கங்கே நாலு புள்ளியோடு விட்டுவிட்டுப் புட்டி பூசுவதை ஏற்காதீர்கள். தரையின் வேலையே விளிம்புப் பிடிமானத்தில் இருக்கிறது என்று மேலே சொன்னேன்.

ஒரு படி கூட்டுவது எப்போது நியாயம்

கம்பெனித் தரையில் வரிகள் இருந்தன என்றேன். பட்டறையில் வரி அழுத்தும் பீடிங் மெஷின் இல்லாவிட்டால், நீங்கள் போடும் ஒட்டில் அந்த வரிகள் இருக்காது. வரியில்லாத 0.9 எம்.எம். தகட்டை ஓட்டுநரின் குதிகால் படும் இடத்தில் ஒன்றரை அடி அகலத்துக்கு விரித்தால், மிதிக்கும்போதெல்லாம் டப், டப் என்று உள்ளே போய் வெளியே வரும். அந்த இடத்தில் 1.2 எம்.எம். போடுவது சரியான முடிவு. வரிகள் கொடுத்த விறைப்பில் ஒரு பங்கைக் கனம் திருப்பிக் கொடுக்கிறது. பழைய தகட்டுக்கும் இதற்கும் வித்தியாசம் 0.3 எம்.எம்.தான் என்பதால் ஓரத்தில் கிழிக்கும் அளவுக்கு முரண்டு பிடிக்காது. 1.2 வரை கையாலும் மரச் சுத்தியலாலும் டனலின் வளைவுக்கு ஏற்ப மடக்கவும் முடியும். 1.6க்குப் போனால் மடக்கும் மெஷின் வேண்டும். பலர் மடக்க முடியாமல் துண்டு துண்டாக வெட்டி ஒட்டுவார்கள், ஒட்டின் எண்ணிக்கையோடு துருப்பிடிக்கும் இடமும் கூடும்.

பீடிங் மெஷின் இருக்கும் பட்டறை கிடைத்தால் 1 எம்.எம். தகட்டில் பழைய வரிகளைப் போலவே போட்டு வாங்குங்கள். என் கணக்கில் அதுதான் முதல் தரமான வேலை. அதைவிட நல்ல வழியும் ஒன்றுண்டு. சென்னை புதுப்பேட்டை போன்ற பழைய உதிரிபாகச் சந்தைகளில் அதே மாடலில் உடைப்புக்கு வந்த வண்டியின் தரையை அப்படியே வெட்டி வாங்குவது. கனமும் சரியாக இருக்கும், வரிகளும் வளைவுகளும் இருக்கும். அடியில் தாரைச் சுரண்டிப் பார்த்து வாங்க வேண்டும். கடலோர வண்டியின் துருவை விலை கொடுத்து வாங்கிவரக் கூடாது.

வெட்டும் எல்லையைப் பற்றியும் ஒரு வார்த்தை. ஓட்டையை மட்டும் வெட்டுவது போதாது. சிறு சுத்தியலால் தட்டிக்கொண்டே வெளிப்பக்கம் போனால் மந்தமான சத்தம் கணீரென்று மாறும் கோடு தெரியும். அதற்கும் வெளியே, அளந்த கனத்தில் முக்கால் பங்காவது மிச்சமிருக்கும் தகடு வரும்வரை வெட்ட வேண்டும் என்பது என் கருத்து. மெலிந்த தகட்டில் ஒட்டும் நல்ல தகடு வீண். ஒட்டின் மூலைகளைக் கூராக விடாமல் வட்டமாக வெட்டுங்கள். விரிசல் முதலில் தேடுவது கூர் மூலையைத்தான்.

தரை வேறு, சட்டம் வேறு

இதுவரை சொன்னது தரைத் தகட்டுக்கு. குறுக்குச் சட்டம், ஜாக்கி வைக்கும் இடம், ரன்னிங் போர்டின் உள்தகடு, சீட் பெல்ட் போல்ட் இறங்கும் இடம் ஆகியவற்றுக்கு வேறு கணக்கு. அங்கே கம்பெனியே 1.2, 1.5, சில இடத்தில் 2 எம்.எம். வரை போட்டிருக்கும். தரைக்கு வாங்கிய 1 எம்.எம். துண்டிலேயே மிச்சத்தை அங்கேயும் ஒட்டிவிடுவது ஆபத்து.

சீட் பெல்ட் இடத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ஐ.நா.வின் 14ஆம் வாகன விதிப்படி நடக்கும் சோதனையில் தோள் பட்டையை ஏறத்தாழ 1,350 கிலோ எடைக்குச் சமமான விசையில் இழுக்கிறார்கள்; இடுப்புப் பட்டையையும் அதே அளவில் இழுக்கிறார்கள். அந்த இழுப்பு முழுவதும் இரண்டு மூன்று போல்ட்டுகள் வழியாகப் பாடியில் இறங்குகிறது. பிரிட்டனில் ஆண்டுதோறும் நடக்கும் கார் தகுதிச் சோதனையில் சீட் பெல்ட், சஸ்பென்ஷன், ஸ்டியரிங் பிடிமானங்களைச் சுற்றி 30 செ.மீ. வரை சுமை தாங்கும் பகுதி திடமாக இருக்க வேண்டும் என்பது விதி. அங்கே ரிவெட் அடித்த ஒட்டை ஏற்கமாட்டார்கள். நம்மூரில் 15 ஆண்டு முடிந்து பதிவைப் புதுப்பிக்கும்போது அதிகாரி காருக்கு அடியில் படுத்துப் பார்ப்பார் என்று எதிர்பார்க்க முடியாது. ஆகவே அந்த 30 செ.மீ. விதியை நாமாகவே கடைப்பிடிப்பது நல்லது. அந்த எல்லைக்குள் துரு வந்திருந்தால், போல்ட் இடத்தையும் அதன் வலுத்தகட்டையும் சேர்த்து வேறொரு நல்ல வண்டியிலிருந்து வெட்டி எடுத்து வைப்பதே முறை.

சட்டங்களை வெட்டும் முன் கதவு வாசலின் குறுக்கே இரும்புக் குழாயைத் தற்காலிகமாக வெல்டிங் வைத்துப் பாடியைப் பிடித்துக்கொள்ள வேண்டும். இல்லாவிட்டால் வெட்டியதும் வண்டி நடுவில் தொய்ந்து, தொய்ந்தபடியே ஒட்டப்பட்டு, கதவுகள் என்றைக்கும் நேராக மூடாது. பேட்டரி வயரைக் கழற்றுவதும், அடியில் ஓடும் பெட்ரோல் குழாய், பிரேக் குழாய்களை விலக்குவதும் பட்டறைக்காரருக்குத் தெரிந்ததுதான். செய்திருக்கிறாரா என்று பார்த்துக்கொள்வது உங்கள் பொறுப்பு.

சமீபத்திய கார் வைத்திருப்பவர்களுக்குத் தனியாகச் சொல்ல வேண்டும். இன்றைய கார்களின் சட்டங்களில் உயர்வலு இரும்பு வந்துவிட்டது; சில பகுதிகள் சூட்டில் அச்சிட்டு, சட்டென்று குளிரவைத்துப் பதம் ஏற்றியவை. அவற்றின் வலு கனத்தில் இல்லை, பதத்தில் இருக்கிறது. கடையில் வாங்கிய சாதாரணத் தகட்டை அதே கனத்தில் வைத்தால் வலு பாதிகூட வராது. வெல்டிங் சூடு பக்கத்திலிருக்கும் பதத்தையும் கெடுக்கும். அந்தக் கார்களில் தட்டையான தரையில் சிறு ஒட்டு போடலாம். சட்டம் என்றால் கம்பெனியின் பழுதுபார்ப்பு முறையில் எங்கே வெட்டலாம், எங்கே கூடாது என்று எழுதியிருப்பதை மீறாதீர்கள்.

கனம் துருவைத் தள்ளிப்போடுமா?

கனமான தகடு கேட்பவர்கள் மனதில் இருப்பது வலுவைவிட ஆயுள்தான். அதையும் கணக்குப் போட்டுப் பார்ப்போம். பூச்சில்லாத இரும்பு முதல் ஆண்டில் எவ்வளவு அரிக்கப்படும் என்பதை வைத்து, சர்வதேசத் தர எண் 9223 சூழல்களை வகை பிரிக்கிறது. நான்காம் வகைச் சூழலில் 50 முதல் 80 மைக்ரான். ஐந்தாம் வகையில் 80 முதல் 200 மைக்ரான். கடலை ஒட்டிய ஊர்களின் உப்புக்காற்று இந்த வகைகளில் வரும். 0.9க்குப் பதில் 1.2 போட்டதால் கிடைத்த கூடுதல் கனம் 300 மைக்ரான். இரண்டு பக்கமும் ஆண்டுக்கு 80 மைக்ரான் போனால், அந்தக் கூடுதல் கனத்தின் ஆயுள் இரண்டு ஆண்டுகூட இல்லை. காலப்போக்கில் சீரான அரிப்பின் வேகம் குறையும் என்பது உண்மை. ஆனால் ஈரக் கம்பளத்துக்கு அடியில், இரண்டு தகடு ஒன்றன்மேல் ஒன்று ஏறிய இடுக்கில், துரு சீராகத் தின்பதில்லை. குழி குழியாகத் தோண்டும். ஆயுள் பூச்சில் இருக்கிறது.

துத்தநாகம் பூசிய ஜி.ஐ. தகடு போட்டால் என்ன என்று கேட்பார்கள். போடலாம், இரண்டு நிபந்தனைகளோடு. துத்தநாகம் 907 டிகிரியில் கொதிக்கும், இரும்பு உருக ஏறத்தாழ 1,500 டிகிரி வேண்டும். ஆகவே வெல்டிங் ஓரத்தில் துத்தநாகம் புகையாகப் போய்விடும். நீங்கள் காசு கொடுத்த பாதுகாப்பு, அது மிகவும் தேவைப்படும் கோட்டில் இருக்காது. அந்த வெள்ளைப் புகையைச் சுவாசித்த வெல்டருக்கு இரவில் குளிர்காய்ச்சல் வரும். எனவே ஓரத்தில் ஓர் அங்குலத்துக்குப் பூச்சைத் தேய்த்து எடுத்துவிட்டு, காற்றோட்டமான இடத்தில் வெல்டிங் செய்ய வேண்டும். இவ்வளவு சிரமத்துக்குப் பிறகும் ஓரத்துக்குத் தனியாகப் பூச்சு வேண்டும் என்பதால், நான் சி.ஆர். தகட்டையே வாங்கி, மிச்சமாகும் முயற்சியைப் பூச்சில் செலவிடச் சொல்வேன்.

அலுமினியப் பூத்தகட்டை ரிவெட் அடித்துத் தரையாக்குவதைப் பல வேன்களில் பார்க்கலாம். தனிச் சேசிஸ் உள்ள வண்டியில் அது நடைபாதை விரிப்பாக இருந்துவிட்டுப் போகட்டும். தனிச் சேசிஸ் இல்லாத காரில் அது எந்த விளிம்பையும் கட்டிப் பிடிக்காது. ஈரம் பட்டதும் அலுமினியத்துக்கும் இரும்புக்கும் நடுவில் அரிப்பு வேறு முடுக்கிவிடப்படும்.

பூச்சு வரிசை இது. தகடுகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறும் இடங்களில் ஒட்டும் முன்பே வெல்டிங் தாங்கும் துத்தநாக பிரைமர் அடிக்க வேண்டும். ஒட்டிய பிறகு அங்கே பிரஷ் போகாது. வெல்டிங்கைத் தேய்த்துச் சமன் செய்து, எண்ணெய்ப் பசை துடைத்து, மேலும் கீழும் எப்பாக்ஸி பிரைமர். ரெட் ஆக்சைடு மட்டும் அடித்து அனுப்பும் வழக்கம் ஜன்னல் கம்பிக்குப் போதலாம், சக்கரம் தண்ணீர் வாரியிறைக்கும் அடிப்பாகத்துக்குப் போதாது. பிரைமர் காய்ந்ததும் எல்லா ஓரத்திலும் சீம் சீலர், பிறகு அடியில் அண்டர் பாடி கோட்டிங், பெட்டிச் சட்டங்களுக்குள் நீண்ட குழாய் வைத்து மெழுகுப் பூச்சு. துருவின்மேலேயே தார் பூசி மூடுவதைவிடப் பூசாமல் விடுவது மேல்; தாருக்கும் தகட்டுக்கும் நடுவில் தண்ணீர் சிக்கினால் வெளியே தெரியாமலே எல்லாம் முடிந்துவிடும்.

கம்பளத்தைத் திரும்ப விரிக்கும் முன், அந்தத் தண்ணீர் எங்கிருந்து வந்தது என்று கண்டுபிடியுங்கள். நம்மூர் கார்களில் தரை துருப்பிடிக்கப் பெரும்பாலும் மழை மட்டும் காரணமில்லை. ஏ.சி. தண்ணீர் வெளியேறும் குழாய் அடைத்துக்கொண்டால், அது முன்சீட்டுப் பயணியின் கால்மாட்டில் சொட்டும். மேலே ரப்பர் மேட், அடியில் பஞ்சு, அதற்கும் அடியில் ஈரம் என்று மாதக்கணக்கில் நிற்கும். முன்கண்ணாடி ரப்பர் காய்ந்து வெடித்திருக்கலாம். கதவின் அடியில் இருக்கும் வடிகால் ஓட்டைகள் மண்ணால் அடைந்திருக்கலாம். சீட்டுகள் கழன்று தரை வெறுமையாக இருக்கும்போதே ஒருவரை உள்ளே டார்ச்சோடு உட்காரவைத்து, வெளியிலிருந்து ஹோஸ் பைப்பால் முன்கண்ணாடி மீதும் கதவுகள் மீதும் தண்ணீர் அடியுங்கள். பிறகு ஏ.சி.யை அரைமணி நேரம் ஓடவிட்டு, தண்ணீர் காருக்குக் கீழேதான் சொட்டுகிறதா என்று பாருங்கள். புதுத் தகட்டில் ஒரு துளிகூட விழவில்லை என்று உறுதியானால் பஞ்சையும் கம்பளத்தையும் போடச் சொல்லலாம். பழைய பஞ்சு வேண்டாம், புதிது வாங்குங்கள்.